நகை யாருடையதோ, மன்னிப்பும் அவருடையது

கேள்வி: நாகூர் பக்கம் கடைமடைக் கிராமம் எங்களுடையது. அப்பா பெயரில் இருந்த மூன்று ஏக்கரில் அண்ணனும் நானும் சேர்ந்து பயிர் செய்தோம். 2016 சம்பாவுக்கு, "அறுப்பு முடிந்ததும் மீட்டுத் தருகிறேன்" என்று என் மனைவியின் ஏழு பவுனை வாங்கி அடகு வைத்தார் அண்ணன். பயிர் கருகியது, நகை ஏலத்தில் போனது. யாரிடமும் சொல்லாமல் குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். உரக்கடைப் பாக்கியை நான்தான் அடைத்தேன். அப்பா காரியத்துக்கு வந்தபோதும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பனியன் கம்பெனியில் வேலை இல்லையாம். ஊருக்கே வந்துவிடுகிறேன் என்கிறார். அம்மா அவருக்காக நாகூர் தர்காவில் வேண்டிக்கொண்டிருக்கிறார். மன்னித்து நிலத்தில் பங்கு கொடுக்கத்தான் வேண்டுமா?

- ஒரு விவசாயி, நாகை மாவட்டம்

பதில்: பங்கையும் மன்னிப்பையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் சமபங்கு. அக்கா, தங்கை இருந்தால் அவர்களுக்கும்தான். நீங்கள் கோபமாக இருந்தாலும் அண்ணன் பங்கு அண்ணனுடையதே.

அடுத்து, அவர்மேல் உள்ள குறையைப் பிரித்துப் பாருங்கள். 2016-ல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை. செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள். வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என அரசே அறிவித்தது. பயிர் கருகியதற்கு அண்ணன் பொறுப்பில்லை. சொல்லாமல் போனதற்கும், இத்தனை வருஷம் நகையைப் பற்றி வாய் திறக்காததற்கும் அவர்தான் பொறுப்பு. கேட்க வேண்டியது இந்த இரண்டைத்தான்.

வந்தால் உடனே பாகம் பிரிக்க அவசரப்பட வேண்டாம். ஒரு சம்பா சேர்ந்து செய்து பாருங்கள். விதை, உழவு, அறுவடை மெஷின் வாடகை என யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரே நோட்டில் எழுதுங்கள். கொள்முதல் நிலையப் பணம் யார் கணக்குக்கு வரும் என்பதை நடவுக்கு முன்பே பேசிவிடுங்கள். பிறகு பிரிப்பதானால் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சு பிள்ளைகள் காலத்தில் வழக்காகும்.

இவ்வளவு எழுதிய நீங்கள், உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று எழுதவில்லையே! நகை அவருடையது. அம்மாவின் கண்ணீருக்காக நீங்களும் அண்ணனும் சமாதானமாகி, மனைவியைச் சும்மா இருக்கச் சொன்னால் அந்த வீட்டில் அடுத்த சண்டை தயாராகிவிடும். அண்ணன் முதலில் பேச வேண்டியது அவரிடம்தான். ஏழு பவுனை எத்தனை போகத்தில் திருப்புவது என்பதை அவர்கள் இருவரும் முடிவு செய்யட்டும். பாதி போதும் என்றோ, ஒன்றும் வேண்டாம் என்றோ சொல்வதானால் அதையும் உங்கள் மனைவியே சொல்லட்டும்.