மாமனார் கடிகாரத்தைக் கம்ப்யூட்டரில் செய்வோம்



2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்துக் குழுக்களில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு வீடு வீடாகப் போனபோது, ஒரு உறுப்பினர் சுவரில் இருந்த ஆணியைக் காட்டினார். "மாமனார் கடிகாரம் இங்கதான் தொங்கிச்சு. பலகை ஊறிப் பிரிஞ்சிடுச்சு, காயலான் கடைக்குப் போட்டுட்டேன். ஒரு போட்டோகூட இல்லீங்க" என்றார். இந்தப் பாடம் அவரை நினைத்துத்தான்.

சாவி கொடுக்கிற பழைய கடிகாரம் வீட்டில் இருந்தால், அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டரில் உருவமாகச் செய்து வைக்கலாம். பிளெண்டர் என்ற மென்பொருள் இதற்கு உண்டு, காசு கிடையாது. கல்லூரிக்குப் போகும் மகள் கம்ப்யூட்டரில் உட்காரட்டும். அளவெடுப்பது நீங்கள்தான். தையல் டேப் போதும். உயரம், அகலம், கனம், முகப்பின் குறுக்களவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். பிறகு நேர் எதிரே, பக்கவாட்டில், கதவைத் திறந்து என்று போட்டோ எடுங்கள். கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அதனால் கதவைத் திறந்து வைத்து எடுத்தால்தான் முகப்பு தெளிவாக விழும். கண்ணாடியைக் கம்ப்யூட்டரில் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

போட்டோவைப் பின்னால் வைத்துக்கொண்டு, பெட்டிக்கு ஒரு கட்டம், முகப்புக்கு ஒரு வட்டத் தகடு, பெண்டுலத்துக்கு ஒரு கம்பி, ஒரு வில்லை என்று சேர்க்க வேண்டும். இது ஓரிரு நாளில் வந்துவிடும். நிஜம்போலத் தெரிய வைப்பதுதான் கஷ்டம்.

பிள்ளைகள் செய்யும் தப்புகளைச் சொல்கிறோம். ரோமன் எழுத்து முகப்பில் நான்கு என்பதைப் பெரும்பாலும் நாலு கோடாகத்தான் போட்டிருப்பார்கள், புத்தகத்தில் இருக்கிற மாதிரி போடக்கூடாது. நாலரை மணி என்றால் சின்ன முள் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். பெரிய முள் ஒரு சுற்று போனால் சின்ன முள் 30 டிகிரி நகரும். பெண்டுலம் சுமார் 25 செ.மீ. நீளம் என்றால் போய் வர ஒரு விநாடி ஆகும். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்தால் இரண்டு விநாடி. அசைய வைக்கும்போது இதைப் பாருங்கள்.

அப்புறம் தேய்மானம். சாவித் துளையைச் சுற்றி எத்தனை வருஷக் கீறல்! கதவில் கை படும் இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும். மரத்தின் ஓரங்கள் கத்திபோல இருக்காது, சற்று மழுங்கியிருக்கும். இதையெல்லாம் விட்டால் கடையில் புதுசாக வாங்கியதுபோல இருக்கும்.

முகப்பில் "பி.ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்" என்று இருந்தால் அது 1849இல் தொடங்கிய மவுண்ட் ரோடு கடையின் பெயர். இயந்திரத்தைச் செய்தவர் வேறாக இருக்கலாம். பின்தகட்டில் முத்திரை உண்டா பாருங்கள். எட்டு முனை நட்சத்திரத்துக்குள் 'ஜே' இருந்தால் ஜெர்மனியின் யுங்ஹான்ஸ்.

"வெளிநாட்டில் லட்சம் தருவாங்க" என்று யாராவது வந்தால் அவசரப்படாதீர்கள். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 சட்டம் இடம் தராது.

அளவெடுக்கக் கீழே இறக்கும்போது பெண்டுலத்தை முதலில் கழற்றி, துணியில் சுற்றி வையுங்கள். மாட்டியபடியே தூக்கினால் மேலே உள்ள மெல்லிய ஸ்பிரிங் ஒடிந்துவிடும்.