மின்வருடல் படிகளில் படச்சுருக்கமும் பாடவேறுபாடும்

பழம்பதிப்புகளின் மின்வருடல் படிகளைக் கொண்டே பாடவேறுபாடு குறிப்பது இன்று ஆய்வாளரிடையே இயல்பாகிவிட்டது. அப்படி மூலத்தின் நிழற்படமே என்னும் நம்பிக்கை இவ்வழக்கிற்கு அடிப்படையாகும். வருடி மென்பொருளின் படச்சுருக்க அமைப்பைப் பொறுத்து அந்நம்பிக்கை பிழைபடக்கூடும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2013இல் ஜெர்மானியக் கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் கருவியில் வருடிய கட்டட வரைபடம் ஒன்றில் எண்கள் மாறியிருக்கக் கண்டார். மூலத்தில் 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த அறைகள் படியில் 14.13 என்றே காணப்பட்டன. காரணம், ஜேபிக்-2 என்னும் சுருக்குமுறை. அது பக்கத்திலுள்ள உருக்களைத் தனித்தனியே பிரித்து, ஒத்த உருக்களுள் ஒன்றை மட்டும் சேமித்து, ஏனைய இடங்களிலும் அதனையே பதிக்கிறது. ஒப்புமை வரம்பு தளர்ந்தால் 6 நின்ற இடத்தில் 8 அமரும்.

மிகைப்பட்ட ஜேபெக் சுருக்கத்தில் எழுத்து மங்கும். மங்கியதைக் கண்டவர் ஐயுறுவார். இங்கோ பிழையான எழுத்தும் கூர்மையாகவே நிற்கிறது. செல்லரித்த ஏடு தன் சிதைவை மறைப்பதில்லை, இப்படி மறைத்துவிடுகிறது.

தமிழில் எ–ஏ, ண–ன, ஒற்றைக்கொம்பு–இரட்டைக்கொம்பு, பழைய அச்சில் ரகரம்–துணைக்கால் ஆகியன இவ்வாறு மயங்கத்தக்கவை. பாடவேறுபாடுகள் பெரும்பாலும் சிற்றெழுத்து அடிக்குறிப்புகளில் அமைவதால் இடர் அங்கேயே மிகுதி. மெய்ப்புள்ளியின் நிலை இன்னும் நுட்பமானது. 1 பாயிண்ட் விட்டமுள்ள புள்ளி 200 டிபிஐ அளவில் மூன்று பிக்சலுக்கும் குறைவாகவும், 600இல் எட்டுக்குச் சற்று மிகுதியாகவும் பதிவாகும். சுருக்கத்திற்கு முன் இயங்கும் தூசுநீக்கு வசதி அச்சிறு உருவைக் கறையெனக் களையக்கூடும். அவ்வாறு களையப்பட்ட படியைக் கண்டு, புள்ளியிடாத ஏட்டு மரபு அப்பதிப்பிலும் தொடர்ந்தது என ஒருவர் முடிவுகட்டவும் இடமுண்டு. பழி அச்சுக்கோத்தவர் மீது விழும்.

ஜேபிக்-2 முழுமையும் விலக்கத்தக்கதன்று. அதற்கு இழப்பற்ற வகையும் உண்டு. இருநிறப் படிக்குக் குரூப்-4 முறையும் இழப்பற்றதே. ஆயினும் பாதுகாப்புப்படியைச் சாம்பல்நிற அளவையில், தூசுநீக்கு வசதியின்றி, இழப்பற்ற டிஃப் கோப்பாக வைப்பதே தக்கது.

கிடைத்த படியை ஐயுறுவோர்க்கு எளிய சோதனை ஒன்றுண்டு. ஈய அச்செழுத்து ஒவ்வொரு முறையும் மையின் அளவுக்கேற்பச் சிறிது வேறுபட்டே பதியும். ஒரே பக்கத்தில் ஓரெழுத்து வரும் இடங்களைப் பெரிதாக்கி ஒப்பிடுகையில் அவை பிக்சல் பிசகாமல் ஒத்திருப்பின், அங்கு உருப்பதிலீடு நிகழ்ந்துள்ளது எனக் கொள்ளலாம். அத்தகைய படியிலிருந்து பாடம் குறிப்பவர் அச்சுநூலை நேரில் நோக்க வேண்டும்.