தனிநபர் பாதீடும் கைத்தொலைபேசிச் செயலியும்

எதிர்கால வரவுசெலவுகளை முன்கூட்டியே தொகைகளில் காட்டும் திட்டம் பாதீடு ஆகும். இதனைக் கொப்பியிலும் எழுதலாம், செயலியிலும் பதியலாம்.

உதாரணம்: மாணவி ஒருத்திக்கு மாதம் ரூபா 6,000 கிடைக்கின்றது. அவளது பாதீட்டில் பஸ் கட்டணம் 2,400, தனியார் வகுப்பு 2,000, எழுதுகருவிகள் 600, சேமிப்பு 1,000. எழுதுகருவிகளுக்கு 450 மட்டுமே செலவாயிற்று. மாத இறுதியில் செயலி காட்டிய மீதி 1,150. சேமிப்பு இலக்கைத் தாண்டிவிட்டதாக மகிழ்ந்தாள். ஆனால் கையில் இருந்ததோ 250!

சிற்றுண்டிச்சாலையில் ரூபா 60 வீதம் 15 நாட்கள் தேநீரும் வடையும் வாங்கிய 900 பதியப்படவில்லை. (சில்லறைச் செலவுகளே பெரும்பாலும் இவ்வாறு விடுபடும்.) செயலி பிழைவிடவில்லை, பதியாத செலவை அது அறியாது. ஆகவே காசேட்டு மீதியைப் போலவே செயலியின் மீதியையும் வாரந்தோறும் கைக்காசுடன் ஒப்பிடுதல் வேண்டும்.

வினா: சேமிப்பைக் குறைக்காது இவளுக்கு அடுத்த மாதப் பாதீட்டைத் தயாரிக்குக. பஸ் கட்டணமும் வகுப்புக் கட்டணமும் மாறா.