யார் வளர்ந்த மனிதன்?



"குகையில கிடந்த மனுசன் இன்னிக்கு அடுக்குமாடியில இருக்கான். நாமதான் உச்சம், அண்ணா!" வகுப்பில் ஒரு தம்பி சொன்னார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன்.

1991-இல் பேராக், லெங்கோங்கில் உள்ள குனோங் ருந்தோ குகையில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. 'பேராக் மனிதன்' என்கிறோம். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முந்தியவர். நம்மைப் போன்ற அதே மனித இனம். பிறவியிலேயே இடது கை ஊனம். வேட்டையாடிப் பிழைத்த காலம் அது. ஆனாலும் 40 வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்தபோது கைகால்களை மடக்கி, கல்லாயுதங்களும் உணவும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அவரை யாரும் சுமையாக நினைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

டார்வின் சொன்ன பரிணாமம், சூழலுக்கு ஏற்ப உயிர்கள் மாறுவது. 'மேலானவர் ஆவது' என்று அதற்குப் பொருள் இல்லை. அன்று முதல் இன்று வரை பெரிதும் மாறியது நம் கருவிகள்தான்.

தடுப்பூசியும் மருத்துவமும் உண்மையான முன்னேற்றம், மறுக்கல. ஆனால் என் பாட்டி பக்கவாதத்தில் படுத்திருந்தபோது, நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லாயுதக்காரர்கள் செய்ததை நான் செய்யல. இப்போ பாட்டி இல்லை.

சிந்திக்க: உங்கள் வீட்டில் தளர்ந்தவர் யார்? அவரோடு கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டீங்க?

இந்த வாரப் பயிற்சி: இன்று இரவே அவர் பக்கத்தில் தட்டை வையுங்க.