தேரி மணலின் நகர்ச்சியை அளக்கும் முறை

திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரி, 1986-ல் திருநெல்வேலியினின்று பிரிந்த தூத்துக்குடி ஜில்லாவில் உள்ளது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்று அங்குள்ள செம்மணலைக் கிளப்பிக் கிழக்கே தள்ளும். தேரியோரத்தில் நிலமும் கிணறும் உடையவர், "மணல் வருகிறது" என்று முறையிடுவது மட்டும் போதாது. எவ்வளவு வருகிறது, எங்கே தங்குகிறது என்று அளந்தாலன்றி, வேலி வைக்கவேண்டிய இடம் விளங்காது.

மணல் புழுதியைப்போல் மிதந்து செல்வதன்று. எகிப்திய, லிபியப் பாலைவனங்களை ஆராய்ந்த பாக்னால்ட் என்னும் ஆங்கிலேய இராணுவ இஞ்சினீயர் 1941-ல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளார். மணல் தத்தித் தத்திக் குதிக்கின்றது; விழும் மணிகள் தரையிலுள்ளவற்றை மோதி உருட்டுகின்றன. ஏறக்குறைய நாலிலொரு பங்கு இவ்வாறு ஊர்ந்தே செல்லும். ஆகையால் மணலைப் பிடிக்கும் பெட்டியின் வாய் தரையோடு தரையாக அமைதல் வேண்டும்.

ஆறங்குல அகலமும் இரண்டடி உயரமுமுள்ள தகரப் பெட்டி போதும். பின்புறத்தைத் தகரத்தால் அடைத்துவிடலாகாது; அடைத்தால் காற்று வாயிலேயே விலகி, மணலும் சுற்றிப் போய்விடும். மெல்லிய துணி கட்டினால் காற்று கழியும், மணல் தங்கும். உதாரணமாக, அரை மணி நேரத்தில் 3 ராத்தல் சேர்ந்தால், ஓரடி அகலத்திற்கு மணிக்கு 12 ராத்தல். 100 அடி வரப்பிற்கு 1,200 ராத்தல்.

எந்த நாளில் அளப்பது என்பதே முக்கியம். மணல் கிளம்பும் அளவைக் காற்று நன்கு கடந்தபின், அதன் வேகம் இரட்டித்தால் மணல் இரட்டிப்பதில்லை. ஏறக்குறைய எட்டு மடங்காகின்றது. ஆகவே இளங்காற்றில் அளந்து மாதக் கணக்குப் போடுவது வீண். மழை நனைத்த மணலும் எளிதில் அசையாது. ஆடிக் காற்று உரத்து வீசும் நாளில், காலை, நண்பகல், மாலை என மும்முறை அளத்தல் வேண்டும்.

பெட்டி மணலின் எடையைக் காட்டுமேயன்றி அது தங்குமிடத்தைக் காட்டாது. அதற்கு, காற்று செல்லும் திசையில் பத்தடிக்கு ஒன்றாக அங்குலக் கோடிட்ட முளைகளை அடித்து, அமாவாசைதோறும் மணல்மட்டத்தைக் குறிக்கலாம். முளையடியில் காற்று சுழன்று பள்ளம் பறிக்குமாதலால், ஒரு சாண் தள்ளியே மட்டம் பார்க்க வேண்டும்.

உடைமுள் வேலியை வரப்பை ஒட்டி வைப்பது பலர் செய்யும் பிழை. வேலியின் மறைவில்தான் மணல் குவியும். அப்போது வேலியே மணலை வயலில் சேர்த்துவிடும். குவிவதற்கு இடம்விட்டு, வரப்பிற்கு மேற்கே தள்ளி வேலியிட்டு, மட்டம் மாறாது நிற்கும் முளைகளின் அருகில் பனங்கொட்டை ஊன்றுவது நலம்.