பொழுது போகாத பிள்ளையும் பழகிய கையும்

ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம். தகரக் கூரை போட்ட கொட்டில். முன்னால் இரண்டு பாய் விரிக்கும் அளவு முற்றம். தகப்பன் கூலிவேலைக்குப் போய்விட்டார். தாய் தண்ணீர் எடுக்க வரிசையில் நிற்கிறார். பதினைந்து வயது மகன் பள்ளிக்கூடத்தால் வந்து, சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வாசலில் குந்தியிருக்கிறான். தாய் குடத்தோடு திரும்பி வரும்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறான்.

“என்னடா தம்பி, சும்மா இருக்கிறாய்?”

“பொழுது போகுதில்லையம்மா.”

“பொழுது போகுதில்லையெண்டால் படியன்.”

“படிச்சு முடிச்சிட்டன்.”

எழுந்து சந்திப் பக்கம் போகிறான். இரவு எட்டு மணிக்கு வருகிறான். எங்கே போனாய் என்று கேட்டால், “சும்மா” என்பதே மறுமொழி.

இந்த வீடு நாம் மனத்தில் கட்டிய வீடுதான். ஆயினும் இதை வாசிக்கும் பலருக்கு இது தெரிந்த வீடாகவே இருக்கும். மகனுக்குப் பதிலாக மகள் என்றால் அவள் சந்திக்குப் போகமாட்டாள். கொட்டிலின் மூலையில் சுருண்டு கிடப்பாள். இப்பிள்ளைகளைப் பற்றி இம்முறை சற்றுச் சிந்திப்போம்.

இது சோம்பலா?

நாம் ஊரில் இருந்த காலத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை “பொழுது போகுதில்லை” என்று சொன்னதை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? விடிய எழும்பினால் இறைப்பு. தகப்பன் இறைக்க, பிள்ளை தண்ணீர் மாறும். ஆட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும். குழை வெட்ட வேண்டும். வெங்காயம் கிண்டும் நாளில் வீடு முழுவதும் தோட்டத்தில் நிற்கும்.

அந்த வேலை பிள்ளைக்கு இரண்டு காரியங்களைக் கொடுத்தது. முதலாவது, ஓர் இடம். “தம்பி வராவிட்டால் இறைப்பு நடவாது” என்று தகப்பன் சொல்லும்போது, தான் வேண்டப்பட்டவன் என்பது பிள்ளைக்குத் தெரிந்தது. இரண்டாவது, படிப்பு. எந்தப் பாத்திக்கு எவ்வளவு தண்ணீர், எந்த இலைக்கு என்ன நோய் என்பதைத் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றே கற்றுக்கொண்டது.

காணியை விட்டு வந்தபோது இவ்விரண்டையும் சேர்த்தே விட்டுவந்தோம். இழந்த காணி எத்தனை பரப்பு, பனை எத்தனை, மாடு எத்தனை என்று படிவங்களில் எழுதினோம். பிள்ளை இழந்ததை எழுத அந்தப் படிவங்களில் இடம் இருக்கவில்லை. ஆகவே அவன் வாசலில் குந்தியிருப்பதைச் சோம்பல் என்று உடனே சொல்லிவிடக் கூடாது. தன்னை எவருக்கும் தேவையில்லை என்று ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கினால் அதுவும் இப்படித்தான் தெரியும்.

காணி திரும்பும்போது கை இருக்குமா?

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். 2009 இற்குப் பின்னர் அங்கே காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டன. ஐந்து வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிய பிள்ளை, இருபது வருடங்களுக்கும் மேலாகச் சென்ற பின்னரே தன் வளவை மீண்டும் கண்டது. வேலியைத் திரும்ப அடைக்கலாம். தூர்ந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கலாம். ஆனால் எந்த மாதம் எதை நடுவது, எந்த மண்ணுக்கு எந்த எரு என்பது தகப்பனின் தலைக்குள் இருந்தது. தகப்பன் காலமாகிவிட்டால் அதை எங்கே போய்த் தேடுவது?

ஆகையால், பிள்ளையின் பொழுதைப் போக்குவது மட்டும் இங்கே காரியம் அல்ல. நாம் காத்திருக்கும் வருடங்களில் எமது கைகளில் உள்ள அறிவு பிள்ளையின் கைக்கு மாறுகிறதா என்பதே கேள்வி.

நாமும் ஒருகாலம் பிள்ளைகள்தான்

1990 இல் போர் மீண்டும் தொடங்கியதோடு யாழ். குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாயின. அப்பொழுது வானொலிச் செய்தியை எப்படிக் கேட்டோம்? சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து, டைனமோவிலிருந்து வயரை இழுத்து வானொலியில் கொடுத்தோம். மிதித்தவர்களும் வயர் தொடுத்தவர்களும் பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளே. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் இரவிரவாகப் படிக்கும் விளக்குச் செய்தவர்களும் அவர்களே.

இவற்றை எவரும் வகுப்பு வைத்துப் படிப்பிக்கவில்லை. அப்படியானால் எப்படிக் கற்றோம்? மூன்று காரியங்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

1. வேறு ஒருவருக்குத் தேவையான வேலை. செய்தி கேட்க அயலவர்கள் வந்து காத்திருந்தார்கள்.
2. கையருகே கிடைக்கும் பொருள். காசு கொடுத்து வாங்க வேண்டியது மிகக் குறைவு.
3. பிழையைத் திருத்த ஒரு மூத்தவர். பக்கத்து வீட்டு அண்ணையோ சைக்கிள் கடைக்காரரோ இருந்தார்.

எந்தப் பழக்கத்தைத் தொடங்குவது என்று யோசிக்கும்போது இம்மூன்றையும் வைத்துப் பார்ப்பது நல்லது.

எங்கே தொடங்குவது?

முதலில் ஒரு தாளை எடுத்து, அயலில் உள்ள பெரியவர்களுக்கு என்னென்ன தெரியும் என்று பிள்ளையையே விசாரித்து எழுதச் சொல்லுங்கள். மேசன், தச்சன், ஓலை இழைக்கும் ஆச்சி, தையல் தெரிந்த மாமி, மாட்டுக்கு வைத்தியம் பார்க்கும் ஐயா என்று தாள் நிரம்பிவிடும். அதில் ஒன்றைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். நாம் தெரிவு செய்து கொடுத்தால் அது இன்னொரு வீட்டுவேலையாகிவிடும். சில உதாரணங்களை இங்கே தருகிறோம்.

பதி வைத்தல்

தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இதுவே மிகப் பொருத்தம் என்பது எமது எண்ணம். சொந்தக் காணி தேவையில்லை. அயல்வீட்டு மரமும் அவர்களின் சம்மதமும் போதும். தேசி, மாதுளை, கொய்யா ஆகிய மூன்றும் இதற்கு இணங்கும். மாரி தொடங்கும் காலம் நல்லது.

• நன்றாகக் காய்க்கும், நோயில்லாத மரத்தில் பென்சில் பருமனான ஒரு கிளையைத் தெரிவு செய்க. வெட்டப்போகும் இடத்தில் உள்ள இலைகளை நீக்குக.
• கூரான, சுத்தமான கத்தியால் கிளையைச் சுற்றி ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து எடுக்க. உள்ளே வழுவழுப்பாக இருக்கும் படையை மெதுவாகச் சுரண்டிவிடுக. அதை விட்டுவிட்டால் பட்டை திரும்ப மூடிக்கொள்ளும்; வேர் வராது.
• தும்புத்தூளையும் மண்ணையும் கலந்து, பிழிந்தால் தண்ணீர் சொட்டாத அளவு ஈரமாக்கி, உரித்த இடத்தைச் சுற்றிப் பிடித்து வைக்க. பொலித்தீனால் சுற்றி இரு பக்கமும் இறுக்கிக் கட்டுக.
• ஒன்று முதல் இரண்டு மாதங்களில் பொலித்தீனுக்குள்ளால் வேர் தெரியும். வேர் நன்றாக ஓடிய பின்னர் கட்டுக்குக் கீழே வெட்டி, பொலித்தீனை அகற்றி, மண் நிரப்பிய பையில் நடுக. சில வாரம் நிழலில் வைத்துத் தண்ணீர் விடுக.

முதலில் மூன்று கிளைகளில் மட்டும் செய்து பார்க்கட்டும். இரண்டு காய்ந்துபோனாலும் கவலை இல்லை. ஏன் காய்ந்தது என்று பிரித்துப் பார்ப்பதே பாடம். மண் உலர்ந்து போயிற்றா? கட்டுத் தளர்ந்ததா? தகப்பனும் மகனும் இதைப் பற்றிக் கதைக்கும்போது, தோட்டத்தில் நின்று கதைத்த பேச்சு மீண்டும் தொடங்கும்.

சைக்கிள் திருத்துதல்

ஒட்டுப் போடுவதில் தொடங்கலாம். ரியூப்பில் காற்றடித்து, தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தை அடையாளமிட்டு, துடைத்து, உரசி, சொலூசன் பூச வேண்டும். பூசியவுடன் ஒட்டுவதே பழகாதவர் விடும் பிழை. பசை சற்று உலர்ந்த பின்னரே ஒட்ட வேண்டும். ரியூப்பைத் திரும்பப் போடுமுன் ரயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். முள் அங்கேயே இருந்தால் அரைமணி நேரத்தில் மறுபடியும் காற்றுப் போகும். பின்னர் பிறேக், செயின் என்று ஒவ்வொன்றாகப் பழகலாம். பெண்பிள்ளைகளும் இதைப் பழகட்டும். பள்ளிக்கூடம் போகும் வழியில் காற்றுப் போனால் அவர்களுக்கும் வழிகாட்டும்.

ஓலை வேலை

பனை உள்ள இடங்களில் சார்வோலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுப்பதே முதற் பயிற்சி. அகலம் ஒத்துவராவிட்டால் பெட்டி கோணும். சிறு பெட்டி, பின்னர் நீத்துப்பெட்டி, சுளகு, கடகம் என்று படிப்படியாகப் போகலாம். ஆச்சிமார் இருக்கும்போதே இதைக் கேட்டுப் பழக வேண்டும். ஆண்பிள்ளை ஓலை இழைத்தால் கேலி செய்பவர்கள், கொட்டில் கூரைக்குக் கிடுகு பின்னியவர்களில் ஆண்களும் இருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

விளையாட்டும் வேண்டும்

எல்லாப் பழக்கமும் உழைப்பைத் தர வேண்டும் என்பதில்லை. மார்கழி, தை மாத வாடைக்காற்றில் பட்டம் விடும் பிள்ளை, அளவு எடுக்கவும் இருபக்கமும் எடை சரிபார்க்கவும் முச்சை கட்டவும் தானாகவே பழகுகிறது. விண் கூவும் பட்டம் ஒன்றை ஏற்றிவிட்ட பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். பாட்டு, சித்திரம், வாசிப்பு என்பனவும் இப்படியே. இவற்றை வீண்வேலை என்று தடுக்க வேண்டாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

1. படிப்பைக் குழப்ப வேண்டாம். இலங்கையில் 2016 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. கைப்பழக்கம் மாலை நேரத்துக்கும் விடுமுறைக்கும் உரியது. பழக்குகிறேன் என்று சொல்லிப் பிள்ளையை நாள் முழுவதும் சம்பளமின்றி வேலை வாங்குபவர்களிடம் விட வேண்டாம்.

2. ஒட்டுப் போட்டோ கன்று விற்றோ பிள்ளை பெறும் முதற் காசை வீட்டுச் செலவுக்கு வாங்கிவிட வேண்டாம். வீட்டில் கஷ்டம் என்பது உண்மை. ஆனாலும் அந்தக் காசில் அடுத்த சொலூசனையும் பொலித்தீனையும் பிள்ளையே வாங்கினால்தான் தொழில் வளரும்.

3. ஒப்பிட வேண்டாம். “அவன் பத்துக் கன்று வைத்தான், நீ இரண்டுதானே” என்ற ஒரு சொல் இரண்டு மாத முயற்சியை அழித்துவிடும்.

4. பொருள் தேடப் போகும் இடத்தைக் கேட்டறியுங்கள். பழைய இரும்பு பொறுக்கப் போய் வெடிபொருளில் கை வைத்து உயிரையும் உறுப்புகளையும் இழந்த பிள்ளைகள் எமது பகுதிகளில் உண்டு. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கும், துப்புரவு செய்யப்படாத பற்றைக்கும் போகவே கூடாது. அறியாத பொருளைத் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களுக்குச் சொல்லப் பழக்குங்கள்.

5. பிள்ளை நெடுநாள் எதிலும் மனம் வையாமல், நித்திரையும் சாப்பாடும் குறைந்து, எவரோடும் கதையாமல் இருந்தால், அது பொழுது போகாத குறை அல்ல. ஆசிரியரிடமும் ஆஸ்பத்திரியிலும் பேசுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

பழக்கம் தொழிலாக வளர்ந்தால்

பிள்ளை ஒன்றில் நன்றாகத் தேறிவிட்டால், பாடசாலைக் கல்விக்குப் பின் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் முறையாகப் பயிலலாம். தேசிய தொழில் தகைமை என்னும் சான்றிதழ் 7 மட்டங்களைக் கொண்டது. வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே பழகியவர்களும் தமது திறமையைச் செய்துகாட்டி அச்சான்றிதழைப் பெற வழி உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் அருகிலுள்ள நிலையத்தை அறியலாம்.

முடிவாக

மீண்டும் அந்தக் கொட்டிலுக்குப் போவோம். பின்பக்கத்தில் நிழலான இடத்தில் மூன்று பைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்றில் தேசிக் கன்று துளிர்த்திருக்கிறது. மாலையில் தகப்பன் கூலிவேலையால் வந்து, கை கால் கழுவுமுன் அதைப் போய்ப் பார்க்கிறார். “தம்பி, வேர் பிடிச்சிட்டுது. இனி மெல்ல மெல்ல வெயில் காட்டலாம்,” என்கிறார். மகன் பையைத் தூக்கி வைக்கிறான்.

மரத்தை நாம் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. பையில் உள்ள கன்றைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஊருக்குத் திரும்பும் நாள் வந்தாலும், வேறோர் ஊரில் குடியமர நேர்ந்தாலும், அதை நடத் தெரிந்த ஒருவன் கூடவே வருவான்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது பிள்ளைகள் மாலை நேரத்தை எங்கே, யாரோடு கழிக்கிறார்கள்? நாம் அறிவோமா?
2. நாம் பதினைந்து வயதில் கற்ற எந்த வேலை இன்று எமது பிள்ளைக்குத் தெரியாது? ஏன்?
3. எமது குடியிருப்பில் எதையாவது பழக்கக்கூடிய ஐந்து பெரியவர்கள் யார்? யார் போய் அவர்களைக் கேட்பது?
4. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை ஒரு பழக்கத்தைத் தொடங்கட்டும். என்ன நடந்தது, எது பிழைத்தது என்பதைப் பிள்ளைகளே கூட்டத்தில் வந்து சொல்லட்டும். பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.