பழைய கட்டளையை மீண்டும் அழைத்தல்

தட்டச்சு செய்த நீண்ட வரியில் ஓர் எழுத்துப் பிழை. முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டுமா? வேண்டியதில்லை, தோழியரே! யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் நம் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். நாம் இட்ட கட்டளைகளை அது நினைவில் வைத்துக்கொள்ளும்.

1969ல் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் தொடங்கியபோது இவ்வசதி இல்லை. 1970களின் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில், ஆச்சரியக்குறி இட்டுப் பழைய கட்டளையை அழைக்கும் முறை வந்தது. இன்று நாம் மிகுதியாகக் காண்பது 1989ல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ். 2011ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் அக்காமார் பலர் பெற்ற கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்தது. அதைத் திறந்தாலே பயிற்சி செய்யலாம்.

மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கட்டளை வரும். கண்ட்ரோலுடன் 'ஏ' அழுத்தினால் வரியின் தொடக்கத்திற்கும், 'ஈ' அழுத்தினால் இறுதிக்கும் போகலாம். கண்ட்ரோலுடன் 'ஆர்' அழுத்திச் சில எழுத்துகளை அடித்தால் அவை உள்ள பழைய வரியைத் தேடித் தரும். எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுவே. 'எல்எஸ் சாத்தூர்' என்று இட்டபின் '^சாத்தூர்^சிவகாசி' என்றால், ஊர் மட்டும் மாறிக் கட்டளை ஓடிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷெல் கட்டளையை நினைவில் வைக்குமே தவிர, எந்தக் கோப்புறையில் நின்று அதை இட்டோம் என்பதை வைப்பதில்லை. குப்பைக் கோப்புறையில் 'ஆர்எம் *' என்று எல்லாவற்றையும் அழித்த ஒருத்தி, பிறகு மதிப்பெண் கோப்புறைக்குள் சென்று '!ஆர்எம்' என்று இட்டால், கேள்வி கேட்காமலே மதிப்பெண்கள் அழிந்துவிடும். அவை குப்பைத் தொட்டிக்குள்ளும் போகா. பெட்டி ஒட்டும் அறையில் செய்யும் வேலையை மருந்து கலக்கும் அறையில் செய்யலாகாது என்பது தாயில்பட்டியில் சிறு குழந்தைக்கும் தெரியுமே! ஆகவே '!ஆர்எம்:பி' என்று இட வேண்டும். இறுதியில் உள்ள 'பி' கட்டளையைக் காட்டுமேயன்றி ஓட்டாது. பார்த்துச் சரியென்றால் அம்புக்குறியால் அழைத்து எண்டர் தட்டலாம்.

பாஷ் இயல்பாக 500 வரிகளை நினைவில் கொள்ளும். டெபியனும் உபுண்டுவும் அதை 1000 ஆக்கியுள்ளன. முனையத்தை மூடும்போது அவை ஒரு கோப்பில் எழுதப்படும். எனவே பலர் ஒரே பெயரில் நுழையும் ஆய்வகக் கணினியில், கட்டளை வரியோடு சேர்த்துக் கடவுச்சொல்லை அடித்தால் அடுத்து வருபவள் அம்புக்குறியாலேயே அதைப் படித்துவிடுவாள். தவறி அடித்துவிட்டால், 'ஹிஸ்டரி' என்று இட்டு அவ்வரியின் எண்ணைக் கண்டு, 'ஹிஸ்டரி -டி' என்பதோடு அவ்வெண்ணையும் சேர்த்து இட்டால் அந்த வரி மட்டும் நீங்கும். முனையத்தை மூடுமுன் இதைச் செய்துவிட வேண்டும்.